படகு எஞ்சின் திருத்த ஆசைப்படும் பிள்ளைக்கு எந்த வழி?

எனது மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி, கணிதத்தில் சித்தியடையாமல் வீட்டில் இருந்த நாட்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று விதமான கதைகள் நடந்தன. எனது கணவரின் தம்பி, "அண்ணி, பெடியனை என்னோட தொழிலுக்கு அனுப்புங்கோ, ஒரு பங்கு வரும்" என்றார். ஊருக்குள் வந்து போகும் ஒருவர், வளைகுடா நாடொன்றில் வேலை இருக்கிறது, முற்பணம் கட்டினால் மூன்று மாதத்தில் அனுப்பலாம் என்றார். நானோ அவன் கணிதத்தை மறுபடி எழுதி எப்படியாவது ஓர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்திருந்தேன். மகனை யாரும் கேட்கவில்லை. அவன் விடிந்தால் கடற்கரையில் எஞ்சின் திருத்துகிற கொட்டிலில் நிற்பான், பொழுதுபட்டால் கையெல்லாம் கறுப்பாக வருவான்.

கரையோரக் கிராமங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களின் தாய்மாருக்குப் பயன்படும் என்பதால், இந்த ஒன்றரை வருடத்தில் நான் அலைந்து அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு எஞ்சினின் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் எனது கணவரின் வள்ளமும் வலைகளும் போயின. பிறகு உதவியாகக் கிடைத்த பிளாஸ்ரிக் படகும் எஞ்சினும் 2009 இல் போயின. அந்த வருடமே அவரும் போய்விட்டார். மகனுக்கு அப்போது இரண்டு வயது. செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபின், 2012 இல் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான வாழ்வாதார உதவியாக எனக்கு 15 குதிரைவலு எஞ்சின் ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். அதை வாங்கிக் கையெழுத்து வைத்தபோது அதன் மூடியைக் கழற்றவும் எனக்குத் தெரியாது. நான் கடலுக்குப் போகிறவள் அல்ல. ஆகவே உறவினர் ஒருவரின் படகுக்கு அதைக் கொடுத்து, பிடிபாட்டில் எஞ்சின் பங்கு வாங்கிச் சீவித்தேன்.

எஞ்சின் ஓடினால் பங்கு வரும், நின்றால் வராது. ஒரு தடவை அது நின்றபோது தூர இடத்துத் திருத்துநர் ஒருவர் உள்ளுக்கு பெயாரிங் போய்விட்டது, புதிதாகப் போட்டிருக்கிறேன் என்று சொல்லி என்னிடம் ஒரு தொகை வாங்கினார். சங்கத்தில் கடன் எடுத்துக் கட்டினேன். இரண்டு கிழமையில் மறுபடி நின்றது. எங்கள் கரையில் இருக்கிற மெக்கானிக் ஐயாவிடம் கொண்டுபோனபோது அவர் அதைக் கழற்றி என் முன்னால் வைத்து, "பிள்ளை, இது கொம்பனியில இருந்து வந்த பழைய பெயாரிங்தான். ஒருத்தரும் மாத்தேல்லை. போனது வேற சாமான்" என்று காட்டினார். அழுகை வந்தது. கடனை விட, ஒன்றும் தெரியாதவள் என்று தெரிந்து ஏமாற்றினார்களே என்பதுதான் நெஞ்சைச் சுட்டது. அன்று என்னோடு வந்திருந்த மகனுக்குப் பத்து வயது. அவன் அழவில்லை. அந்த ஐயாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் அந்தக் கொட்டில்தான்.

அவன் அங்கே படித்ததில் கொஞ்சத்தை நானும் படித்தேன். எஞ்சின் பங்கில் சீவிக்கிற சகோதரிகள் தெரிந்திருக்க வேண்டியவை என்பதால் சொல்கிறேன். வெளியிணைப்பு எஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டை ஆற்றுகிறது. அப்படி உறிஞ்சுவதற்கு உள்ளே ஒரு ரப்பர்ச் சில்லு சுற்றுகிறது. கரைக்குக் கிட்ட, மணல் கலங்கிய தண்ணீரில் ஓட்டினால் அது தேய்ந்துவிடும். எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்தால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் துப்ப வேண்டும். துப்பவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும். சில நூறு ரூபா ரப்பரைப் பார்க்காமல் விட்டதால் முழு எஞ்சினையும் இழந்தவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள்.

அடுத்தது கியர் ஒயில். அதைத் திறந்து பார்க்கும்போது பால்போல வெள்ளையாக இருந்தால் உள்ளே கடல் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அநேகமாகத் தங்கூசி நூல் விசிறித் தண்டில் சுற்றி, தண்ணீர் புகாமல் மறிக்கிற ரப்பர் வளையத்தை வெட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினைப் பெற்றோலில்தான் ஸ்ராட் பண்ணி, சூடான பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன்னும் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிட வேண்டும். அலுப்பில் இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த நாள் கயிறு இழுத்துத் தோள் கழன்றுவிடும். கடலில் விழுந்த எஞ்சினை எடுத்தவுடன் வெயிலில் காயவைப்பது பெரிய பிழை. நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியேற்றி, ஒயில் விட்டு, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். காற்றுப் பட்டால்தான் துரு பிடிக்கும்.

2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதுதான் எண்ணெயை வீணாக்காத எஞ்சினின் அருமையும், காபரேட்டரைச் சரியாகச் செப்பம் பண்ணத் தெரிந்தவனின் அருமையும் எங்கள் ஊருக்கு விளங்கியது. அந்த வருடம் மெக்கானிக் ஐயாவின் கொட்டிலில் வரிசை நின்றது.

இவ்வளவு தெரிந்திருந்தும் மகனை அந்த வேலைக்கு விட எனக்கு மனம் வரவில்லை. கறுப்புக் கையோடு இருப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்றுகூட நினைத்தேன், இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் ஐயாவிடமே போய், "அவனை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தங்கச்சி, அவன்ர கையில வேலை இருக்கு. மறிக்காதையுங்கோ. ஆனா என்னை மாதிரியும் விடாதையுங்கோ. முப்பத்தஞ்சு வருசம் இந்த வேலை செய்யிறன். நான் மெக்கானிக் எண்டு சொல்ல என்னட்டை ஒரு துண்டுக் கடுதாசி இல்லை."

அவர் தொழில் பழகியது காரைநகர் சீநோரில் வேலை செய்த ஒருவரிடம். 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் உதவியோடு அங்கே தொடங்கிய படகு கட்டும் தளத்தைப் பற்றி எங்கள் தாய் தகப்பன்மார் கதைப்பதைக் கேட்டிருப்பீர்கள். 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர். அப்படிப்பட்டவரிடம் உதவி நிறுவனமொன்று திருத்தகம் போடக் கடன் தர வந்து, சான்றிதழ் கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போயிருக்கிறது. அவர் சொன்ன அந்தக் கடுதாசியைத் தேடித்தான் நான் வெளிக்கிட்டேன்.

முதலில் போனது எங்கள் பிரதேச செயலகத்துக்கு. அங்கே மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளுக்கு என்ன பயிற்சி எங்கே இருக்கிறது என்று சொல்வது அவருடைய வேலை. எனக்கு இது முன்னர் தெரியாது. சமுர்த்திக்கும் காணிக்கும்தான் அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறேன். அவர்தான் தேசிய தொழில் தகைமை என்ற ஏணியை விளக்கினார். அதில் ஏழு படிகள். முதல் நான்கு படிகளும் கைத்தொழில் சான்றிதழ். நான்காம் படி எடுத்தவர் ஒருவரின் மேற்பார்வை இல்லாமல் தனியே வேலை செய்யக்கூடியவர் என்று கருதப்படுவார். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டம். இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது, இந்த ஏணியில் ஏறி வருகிறவர்களுக்காகத்தான். கணிதத்தில் தவறிய பிள்ளைக்கும் அடிப்படியில் இடம் உண்டு, அங்கிருந்து மேலே போகவும் வழி உண்டு என்று கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது. ஆனால் ஐந்தாம் படிக்கு மேலே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும் என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். ஆகையால் மகனை இப்போதே மாலையில் ஆங்கில வகுப்புக்கு அனுப்புகிறேன். எஞ்சின் கைநூல்களும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன.

ஏணியில் ஏறும் இடங்கள் பல. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் மாவட்டங்கள்தோறும் இருக்கின்றன. தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை என்பது வேறு. அங்கே பிள்ளை வகுப்பறையில் அதிக நேரம் இருப்பதில்லை. வேலை நடக்கிற இடத்தில் பயிலுநராகச் சேர்ந்து செய்துகொண்டே பழகுவான். புத்தகத்தைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகளுக்கு இதுதான் ஏற்றது என்பது என் அபிப்பிராயம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகன, இயந்திரத் தொழில்நுட்பங்களை உயர்ந்த படிவரை படிக்கலாம். கடலோடு சேர்ந்த படிப்புக்கென்று சமுத்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தலைமையகம் கொழும்பு மட்டக்குளியில். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலும் அதற்குப் பிராந்திய நிலையங்கள் உண்டு. 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பல்கலைக்கழகமாக மாறுவதற்கு முன்னர் அதுதான் கடற்றொழில் பயிற்சி நிறுவகமாக இருந்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பட்டப் படிப்போடு மீனவப் பிள்ளைகளுக்கான குறுகியகாலப் பாடநெறிகளும் அங்கே நடக்கின்றன.

வெளியிணைப்பு எஞ்சினுக்கென்ற தனிப் பாடநெறி எல்லா இடத்திலும் எல்லா வருடமும் நடப்பதில்லை. கிட்டடியில் அது இல்லை என்றால் மோட்டார் சைக்கிள் அல்லது வாகனத் திருத்துநர் பாடநெறியில் சேர்ப்பது தவறல்ல. எஞ்சினின் அடிப்படை ஒன்றுதான். அதைப் படித்தவன் கரையில் ஒரு வருடம் நின்றால் படகு எஞ்சினையும் பிடித்துவிடுவான். தனியார் நிலையங்களில் பணம் கட்டச் சொன்னால், அந்த நிலையம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, தருவது எத்தனையாம் படிச் சான்றிதழ் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழும்பி வந்துவிடுங்கள். தமிழில் படிப்பிப்பார்களா, விடுதி உண்டா, பெண் பிள்ளைகளுக்குத் தனி விடுதி உண்டா என்பதையும் முதலே கேட்க வேண்டும். நான் விடுதியைக் கேட்க மறந்து, ஒருநாள் பஸ் காசை வீணாக்கினேன்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை, தகப்பன் இல்லை, தாய் கருவாடு போட்டுச் சீவிக்கிறவ. என் மகனிலும் பார்க்க அவளுக்குத்தான் மின்சாரப் பக்கம் கெட்டித்தனம். பிளக்குக்குப் பொறி வருகிறதா இல்லையா, கொயில் போய்விட்டதா என்று அவள்தான் கண்டுபிடிப்பாள். அவளையும் விண்ணப்பிக்கச் சொன்னபோது தாய் என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டமும் இருக்கிறது, எதில் புள்ளடி போட்டாலும் சரி என்று உத்தியோகத்தர் சொன்னதை அவவுக்குப் போய்ச் சொன்னேன். கடைசியில் அந்தப் பிள்ளை மோட்டார் சைக்கிள் பாடநெறிக்குப் போனாள். பெண்கள் ஸ்கூட்டி ஓடுகிற காலம், பெண் திருத்தினால் பெண்கள் வருவார்கள் என்பது அவளுடைய கணக்கு. பாரம் தூக்குகிற இடத்தில் ஆள் தேவைதான். ஆனால் 40 கிலோவை ஆண் பிள்ளையும் தனியே தூக்கக் கூடாது. ஐயாவின் முதுகு அப்படித்தான் போனது.

சான்றிதழ் எடுத்த பிறகு எங்கே போவது? கரையிலேயே சொந்தமாகத் திருத்தகம் போடலாம். முதலீடு ஆயுதங்கள்தான், அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். கஷ்டம் என்னவென்றால் கரையில் காசு கையில் வராது. மீனாகத் தருவார்கள், கடன் கொப்பியில் எழுதச் சொல்வார்கள். கொப்பியை வைத்திருக்க வீட்டில் ஒருவர் வேண்டும். நான் இப்போது ஐயாவின் கொப்பியை எழுதிக் கொடுக்கிறேன். வாடைக் காலத்தில் கடல் அடிக்கும்போது தொழிலும் இல்லை, எஞ்சின் திருத்த வருகிறவர்களும் குறைவு. அப்போது வயல் பக்கத்துத் தண்ணீர் மோட்டர், லான்ட்மாஸ்ரர், மோட்டார் சைக்கிள் என்று எதையும் தொடத் தெரிந்தவன்தான் வருடம் முழுவதும் சீவிக்கலாம். எஞ்சின் மட்டும் தெரிந்தவனின் அடுப்பு மார்கழியில் எரியாது.

சம்பளத்துக்குப் போக விரும்பினால் எஞ்சின் விற்கிற முகவர் நிறுவனங்களின் திருத்தகங்கள் இருக்கின்றன. புதிதாக வருகிற நான்கு அடி எஞ்சின்களில் கணினி மூலம் பிழை பார்க்க வேண்டும். அதை அங்கேதான் பழகலாம். பலநாட் படகுகளில் உள்ளிணைப்பு டீசல் எஞ்சின்கள். அவை நிற்கிற நீர்கொழும்பு, பேருவளை, காலி, தங்காலை, திருகோணமலை, வாழைச்சேனை போன்ற துறைமுகங்களில் அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடுகிற படகுகளுக்கும் மெக்கானிக் வேண்டும். கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலைக்குப் போக வேண்டுமென்றால் கடலோடிகளுக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும், வணிகக் கப்பற்றுறைச் செயலகம் தரும் கடலோடிப் புத்தகமும் தேவை. அது தனிப் பாதை, செலவும் கூட.

வெளிநாடு என்று வந்த அந்த மனிதரிடம் நான் பிறகு ஒரு கேள்விதான் கேட்டேன். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உங்கள் அனுமதிப்பத்திர இலக்கம் என்ன என்று. அவர் தேநீரைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார். வெளிநாடே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மாலைதீவில் தீவுக்குத் தீவு படகுதான், அங்கே எங்கள் நாட்டவர் பலர் வேலை செய்கிறார்கள். ஆனால் நான்காம் படிச் சான்றிதழோடு போகிறவன் மெக்கானிக்காகப் போகலாம். கையில் ஒன்றுமில்லாமல் போகிறவன் அங்கே கொடுக்கிற எதையும் செய்ய வேண்டியதுதான்.

இனி மெக்கானிக் ஐயாவின் விடயம். உத்தியோகத்தரோடு கதைக்கும்போது, வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஏதும் உண்டா என்று கேட்டேன். முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறை இருப்பதாகச் சொன்னார். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. இத்தனை வருடம் இந்த வேலை செய்கிறார் என்பதற்குக் கடற்றொழிலாளர் சங்கம், கிராம அலுவலர் போன்றோரின் கடிதங்களோடு விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் ஒருவர் வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்து, கேள்வி கேட்டு, எந்தப் படிக்குத் தகுதியோ அதைப் பரிந்துரைப்பார். ஐயாவுக்கு இதைச் சொன்னபோது, "அறுவது வயசில எனக்குச் சோதினையோ?" என்று சிரித்தார். பிறகு, 2009 இல் தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுக்கவே நாங்கள் மூன்று தடவை கச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது.

மதிப்பீட்டு நாளுக்கு முதல் நாள் இரவு அவர் நித்திரை கொள்ளவில்லை என்று அவருடைய மனைவி சொன்னா. வேலையைப் பற்றி அவருக்குப் பயமில்லை. சாமான்களின் ஆங்கிலப் பெயரைக் கேட்டால் என்ன செய்வது என்றுதான் பயம். என் மகன் ஒவ்வொரு சாமானிலும் கடதாசித் துண்டு ஒட்டி, தமிழ் எழுத்தில் அதன் ஆங்கிலப் பெயரை எழுதிக் கொடுத்திருந்தான். வந்தவர் பெயர் ஒன்றையும் கேட்கவில்லையாம். பிழையான ஒரு எஞ்சினைக் காட்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லச் சொன்னாராம். ஐயா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாராம்.

அந்தச் சான்றிதழ் வந்து இப்போது நான்கு மாதம். மகன் யாழ்ப்பாணத்தில் பயிற்சியில் இருக்கிறான், சனி ஞாயிறில் வந்து ஐயாவோடு நிற்பான். முடித்துவிட்டுத் திருகோணமலைக்குப் போய் டீசல் எஞ்சின் பழகப் போகிறேன் என்கிறான். ஐயாவுக்குக் கொட்டிலை அவனிடம் கொடுத்துவிட்டு இருக்க விருப்பம். எனக்கு அவன் கண்ணெதிரே இருக்க வேண்டும், ஆனால் அவனுடைய தகப்பனைப் போலக் கடலோடு மட்டும் இருக்கவும் கூடாது. சென்ற ஞாயிற்றுக்கிழமையும் இதைப் பற்றித்தான் மூவரும் கொட்டிலில் இருந்து கதைத்தோம். இன்னும் முடிவாகவில்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், இருவரும் எழும்பிப் போய்விட்டார்கள்.